பன்னிரண்டு பேரும் செப்டம்பர் வரை ஆட வேண்டும்: பெங்களூரில் ஒரு ஃபேண்டஸி பேஸ்பால் லீக் நடத்தும் முறை

நிஜ பேஸ்பால் வீரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் எங்கள் லீகில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்டவர்கள். மூன்று பேர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அமெரிக்கக்காரர்களோடு வேலை பார்த்து, மீட்டிங் தொடங்கும் முன் அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு பேஸ்பால் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. லீகின் கமிஷனர், அதாவது விதிகளைக் கவனித்துக்கொள்பவர், நான்.

முதல் சீசனை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. மார்ச்சில் அத்தனை ஆர்வமாக ஆரம்பித்தோம். ஜூலையில் பார்த்தால் ஐந்து பேர்தான் அணியைத் திறந்தே பார்க்கிறார்கள். அரையிறுதியில் ஜெயித்தவருக்குச் சந்தோஷமே இல்லை, ஏனென்றால் எதிரணியில் நான்கு வீரர்கள் காயத்தோடு படுத்திருந்தார்கள், அவர்களை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட அந்த அணிக்கு ஆளே இல்லை. அதற்கப்புறம் எந்த விதியை எழுதினாலும் எனக்கு நானே கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: ஆகஸ்ட் கடைசியில் பதினோராவது இடத்தில் இருப்பவர், இந்த விதி இருப்பதால் தொடர்ந்து ஆடுவாரா, விட்டுவிட்டுப் போய்விடுவாரா? கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கேள்விக்கு நாங்கள் கண்டுபிடித்த பதில்கள்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் 30 அணிகள், ஒவ்வொன்றும் சீசனுக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு. அந்த 30 அணிகளின் வீரர்களை நாம் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருப்போம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் எண்ணிக்கைகள்தான் நம் புள்ளிகள். ஐ.பி.எல். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். இது ஆறு மாதம். ஒரு மாதம் ஆர்வத்தில் ஓடும், மீதி ஐந்து மாதத்தை விதிகள்தான் தாங்க வேண்டும்.

பணம் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. திறமையால் ஆடுவதா அதிர்ஷ்டத்தால் ஆடுவதா என்ற வேறுபாடுகூட அதில் இல்லை. அதனால் "ஆளுக்கு ஆயிரம் போடுவோம், ஜெயிச்சவருக்கு எல்லாம்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். நாங்கள் ஒரு சுழற்கோப்பை செய்து வைத்திருக்கிறோம், அடியில் வருடமும் பெயரும் பொறிப்போம், அவ்வளவுதான். காசு இல்லாததால் சண்டையும் குறைவு என்பது என் அனுபவம். 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரன்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் ஒரு ரொட்டிஸ்ஸரி உணவகத்தில் கூடித் தொடங்கிய லீகிலிருந்துதான் இந்த விளையாட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது. அவர்கள் ஜெயித்தவர் தலையில் சாக்லேட் பானம் ஊற்றிக் கொண்டாடினார்கள். அந்த மாதிரி ஒரு சடங்கு உங்களுக்கும் இருந்தால் போதும்.

எந்த முறையில் ஆடுவது

அந்த உணவகத்தின் பெயரால் வந்ததுதான் ரோட்டோ முறை. ஹோம் ரன், ஸ்ட்ரைக்-அவுட் என்று பத்து எண்ணிக்கைப் பிரிவுகள் இருக்கும் (முழுப் பட்டியல் கீழே). சீசன் முழுக்கச் சேர்ந்த எண்ணிக்கையில் ஒவ்வொரு பிரிவிலும் முதலில் இருக்கும் அணிக்கு 12 புள்ளி, அடுத்ததற்கு 11, இப்படியே கடைசி அணிக்கு 1. மொத்தம் 120 வரை போகலாம். யார் நன்றாக ஆடினார்கள் என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் முறை கிடையாது. ஆனால் பிளே-ஆஃப் என்று ஒன்று இதில் இல்லை, ஜூலையில் 48 புள்ளியோடு இருப்பவருக்கு அடுத்த இரண்டு மாதம் செய்ய ஒன்றுமில்லை. என் கேள்வியில் இந்த முறை தோற்றுவிடுகிறது.

அதனால் வாரா வாரம் ஒருவரோடு ஒருவர் மோதும் ஹெட்-டு-ஹெட் முறைக்கு வாருங்கள். இதிலும் வாரத்தை மொத்தமாக ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்று எழுதுவது ஒரு வழி, பத்துப் பிரிவையும் தனித்தனியாக எழுதுவது இன்னொரு வழி. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். 7-3 என்று தோற்றாலும் அந்த மூன்று உங்கள் கணக்கில் சேரும். சனிக்கிழமையே வாரம் கைவிட்டுப் போனது தெரிந்தாலும், ஒரு ஸ்டோலன் பேஸ் (பந்து அடிக்கப்படாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) வந்தால் 8-2 என்பது 7-3 ஆகும் என்று திங்கள் காலை வரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பிரிவுகள் வழக்கமானவைதான். பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (ஒருவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்), ஸ்டோலன் பேஸ், பேட்டிங் சராசரி. பிட்சிங்கில், அதாவது பந்து வீச்சில், வெற்றி, ஸேவ் (அணியின் முன்னிலையைக் கடைசி வரை காப்பாற்றி முடிப்பது), ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த எர்ன்டு ரன்), விப் (இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஹிட்டும் வாக்கும்). கடைசி இரண்டிலும் குறைவாக இருப்பவருக்கே வெற்றி. முதல் வருடம் இதையே வைத்துக்கொள்ளுங்கள், அத்தனை ஆலோசனைக் கட்டுரைகளும் தரவரிசைகளும் இதை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. இரண்டாவது வருடம் நாங்கள் செய்த ஒரே மாற்றம், பிட்சரின் 'வெற்றி'யை எடுத்துவிட்டு 'குவாலிட்டி ஸ்டார்ட்' போட்டது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸோ அதற்கு மேலோ வீசி, மூன்று எர்ன்டு ரன்னுக்கு (ஃபீல்டிங் பிழையால் வராத ரன்னுக்கு) மேல் கொடுக்காவிட்டால் அது கணக்கில் வரும். ஏழு இன்னிங்ஸ் அருமையாக வீசியவருக்குத் தன் அணி ரன் எடுக்காததால் வெற்றி கிடைக்கவில்லை என்றால், அவரைத் தேர்ந்தெடுத்த நம் ஆளையும் சேர்த்துத் தண்டிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பேட்டிங்கும் பிட்சிங்கும் இரண்டும் செய்யும் ஷோஹெய் ஓடானி பற்றி டிராஃப்டுக்கு (வீரர்களைப் பங்கு போட்டு எடுக்கும் நாளுக்கு) முன்னாலேயே எழுதி வையுங்கள். லீகை நடத்தித் தரும் இணையதளங்களில் சில அவரை பேட்டராகவும் பிட்சராகவும் இரண்டு தனி ஆட்களாகப் பிரித்து வைத்திருக்கும், சில ஒரே ஆளாக வைத்திருக்கும். 2024-ல் பந்தே வீசாமல் 54 ஹோம் ரன்னும் 59 ஸ்டோலன் பேஸும் எடுத்தார், 2025 ஜூனில் மறுபடி பந்து வீச வந்துவிட்டார். ஒரே ஆளாக வைத்தால் அவரை முதலில் எடுப்பவருக்கு மற்ற பதினொருவரைவிட எவ்வளவு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தளம் என்ன செய்கிறதோ அதை விதித்தாளில் ஒரு வரியாக எழுதினாலே பாதி வாக்குவாதம் வராது.

நம் ஊர் கடிகாரம்

அமெரிக்காவில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் கிடைக்காத விஷயம் இது, இதில்தான் நாங்கள் அதிகம் அடிபட்டோம். சீசன் முழுக்க நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 7 மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரை. கலிஃபோர்னியாவில் மாலை 7 மணி ஆட்டம் நமக்குக் காலை ஏழரை, அலுவலக வண்டிக்குக் காத்திருக்கும் நேரம். பகல் ஒரு மணி ஆட்டம் என்றால் நமக்கு இரவு பத்தரை. அப்படியானால் லீகின் வாரம் நமக்குத் திங்கள் இரவு தொடங்கி அடுத்த திங்கள் காலையில் முடிகிறது.

தினமும் லைனப், அதாவது நம் அணியில் யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியலை, மாற்றலாம் என்ற முறையில் இரண்டு சீசன் ஆடினோம். யார் இன்றைக்கு ஆடுகிறார், யாருக்கு ஓய்வு என்று அணிகள் அறிவிப்பது ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால்தான். நமக்கு அது நள்ளிரவு தாண்டி. எங்களில் மூன்று பேர் அப்போது நைட் ஷிஃப்டில் இருந்தார்கள். இரவு ஒன்றரைக்கு அறிவிப்பைப் பார்த்து, ஓய்வில் இருக்கும் ஆளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள். அவர்கள் விதியை மீறவில்லை, விதி அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. ராமமூர்த்தி நகரில் இருக்கும் எங்கள் அண்ணன் ஒருவர், கைக்குழந்தையோடு இருப்பவர், ஒருநாள் போன் செய்து சொன்னார்: "தம்பி, ராத்திரி முழிச்சிருக்கிறவனோட நான் எப்படிப்பா போட்டி போடுறது?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வாரத்துக்கு ஒருமுறை லைனப் பூட்டும் முறைக்கு மாறினோம்.

திங்கள் இரவு எட்டு மணிக்குள் லைனப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. தளம் தானாகப் பூட்டும் நேரம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும், ஆனால் எட்டு என்று பழகிக்கொள்வது நல்லது. ஏப்ரலில் மூன்றாவது திங்கட்கிழமை பாஸ்டனில் பேட்ரியட்ஸ் டே என்று ஒரு விடுமுறை, அன்றைக்கு அந்த ஊர் அணியான ரெட் சாக்ஸின் ஆட்டம் அங்கே காலை 11 மணிவாக்கிலேயே தொடங்கிவிடும், நமக்கு எட்டரை. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று இருந்த இரண்டு பேர் ஒரு வருடம் மாட்டிக்கொண்டார்கள்.

வாரப் பூட்டில் வரும் நஷ்டம், செவ்வாய்க்கிழமை காயப்பட்டவர் ஞாயிறு வரை உங்கள் அணியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அது எல்லோருக்கும் பொது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். லாபம், சிந்திக்க நிறைய இருக்கிறது. ஒரு ஸ்டார்டிங் பிட்சர் ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறை வீசுவார். திங்களோ செவ்வாயோ வீசினால் அந்த ஞாயிற்றுக்குள் இன்னொரு முறை வரக்கூடும். ஒரு வாரத்தில் இரண்டு முறை வீசும் சுமாரான பிட்சரைப் போடுவதா, ஒருமுறை வீசும் நல்ல பிட்சரைப் போடுவதா என்று ஞாயிறு சாயங்காலம் எங்கள் குழுவில் நடக்கும் பேச்சுக்காகவே இந்த முறையை நான் விடமாட்டேன்.

இல்லை, தினசரி மாற்றம்தான் வேண்டும் என்று உங்கள் ஆட்கள் சொன்னால், வாரத்துக்கு இத்தனை புது ஆட்களைத்தான் சேர்க்கலாம் என்று ஒரு உச்சவரம்பு வையுங்கள், ஐந்து போதும். இல்லாவிட்டால் தினம் ஒரு பிட்சரைத் தூக்கிப்போட்டு தினம் ஒருவரை எடுத்து, எண்ணிக்கையாலேயே ஸ்ட்ரைக்-அவுட் பிரிவை ஜெயித்துவிடுவார்கள். எந்த முறையானாலும் வாரத்துக்குக் குறைந்தது 20 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும் என்ற விதி அவசியம். கடைசி இன்னிங்ஸில் மட்டும் வந்து போகும் ரிலீஃப் பிட்சர்களை வைத்தே அணியை நிரப்பி, ஸேவ், ஈ.ஆர்.ஏ., விப் மூன்றையும் சுலபமாக வாங்கிப்போவதை அது தடுக்கும். இருபது எட்டாவிட்டால் ஈ.ஆர்.ஏ.வும் விப்பும் எதிராளிக்கு.

அணியும் டிராஃப்டும்

கேட்சர் ஒருவர், உள் மைதானத்தில் நான்கு இடத்துக்கும் ஆளுக்கொருவர், அவுட்ஃபீல்டர் மூன்று பேர், எந்த இடத்திலிருந்தும் போடக்கூடிய பேட்டர் இரண்டு பேர், பிட்சர் எட்டுப் பேர், பெஞ்சில் ஐந்து பேர். மொத்தம் 23. இதற்கு வெளியே காயப்பட்டவர்களுக்கு மூன்று இடம். இந்த மூன்று இடத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். காயப் பட்டியலில் பேட்டரைக் குறைந்தது 10 நாளும் பிட்சரை 15 நாளும் வைக்கிறார்கள், மே மாதத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர் போய்விட்டால் ஜூனில் அந்த அணிக்காரர் மனம் விட்டுப்போகும்.

டிராஃப்டை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். பயிற்சி ஆட்டங்களிலேயே பிட்சர்களுக்கு முழங்கை போகும், டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஆள் கிடையாது. 2023 மார்ச்சில் நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோ ஜெயித்ததைக் கொண்டாடும்போது நியூயார்க் மெட்ஸ் அணியின் குளோசர் (கடைசி இன்னிங்ஸில் வந்து ஸேவ் வாங்கும் பிட்சர்) எட்வின் டியாஸுக்கு முழங்காலில் தசைநாண் கிழிந்து, அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. அதற்கு முந்தைய வாரம் அவரை எடுத்திருந்தவர்களின் நிலைமையை யோசியுங்கள். 2026-லும் அந்தப் போட்டி மார்ச் 17 வரை இருக்கிறது, சீசன் 25-ஆம் தேதி தொடங்குகிறது. அதனால் எங்கள் டிராஃப்ட் மார்ச் 22, ஞாயிறு. யுகாதி லீவுக்கு ஊருக்குப் போனவர்களும் அதற்குள் திரும்பிவிடுவார்கள்.

23 சுற்று, 12 பேர், 276 தேர்வுகள். ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தாலே நாலரை மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு காலை பத்துக்குத் தொடங்கி, பத்தாவது சுற்று முடிந்ததும் சாப்பாட்டுக்கு நிறுத்துகிறோம். அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு வீட்டு மாடியில் வைத்துக்கொள்கிறோம், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவர் சில்க் போர்டில் மாட்டி முதல் மூன்று சுற்றை இழந்த அனுபவம் ஒருமுறை போதும். ஏலம் விட்டு எடுக்கும் முறையும் உண்டு, ஆளுக்கு 260 டாலர் கற்பனைப் பணம் என்பது பழைய வழக்கம். அதுதான் உயர்ந்த முறை என்று நானும் நினைக்கிறேன், ஆனால் முதல் இரண்டு வருடம் பாம்பு போல முன்னும் பின்னும் போகும் ஸ்நேக் முறையிலேயே எடுங்கள் (ஒரு சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார்). வரிசையைச் சீட்டுக் குலுக்கி, எல்லோர் கண்முன்னும்.

சீசன் நடக்கும்போது

லீகில் யாரிடமும் இல்லாத வீரர்களை எடுப்பதற்கு, முந்தி வந்தவருக்கே முன்னுரிமை என்று வைக்காதீர்கள். ஒரு அணியின் குளோசர் நமக்கு அதிகாலை மூன்று மணிக்குக் காயப்பட்டால், அடுத்து அந்த இடத்துக்கு வருபவரை மூன்று ஐந்துக்கு விழித்திருப்பவர் எடுத்துக்கொள்வார். மறுபடியும் தூக்கத்தோடுதான் போட்டி. எங்கள் முறை மறைமுக ஏலம். சீசன் முழுவதற்கும் ஆளுக்கு 100 கற்பனை ரூபாய். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறன்று, யார் எவ்வளவு கேட்டார்கள் என்று தளமே பார்த்து அதிகம் கேட்டவருக்குக் கொடுக்கும். அமெரிக்காவில் விடிவதற்குள் அது முடிந்துவிடும், நமக்கு ஞாயிறு மதியம். பூஜ்யம் ரூபாய்க்கும் கேட்கலாம் என்று கட்டாயம் வையுங்கள். ஏப்ரலிலேயே நூறையும் செலவழித்தவர் ஜூலையில் கை கட்டி உட்காரக் கூடாது.

டிரேட் (இரண்டு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஓட்டெடுப்பு வைத்து ரத்து செய்யும் முறை வேண்டாம். பதினொரு பேரிடம் "இந்த மாற்றம் சரியா" என்று கேட்டால், தங்களுக்கு மேலே இருக்கும் அணி பலமாகிறது என்பதற்காகவே 'கூடாது' என்பார்கள், மனித இயல்பு அது. இரண்டு பேரும் தங்கள் அணிக்கு நல்லது என்று நம்பிச் செய்திருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மோசமாகத் தெரிந்தாலும் அது நிற்க வேண்டும். கூட்டுச் சதி என்று தெரிந்தால் மட்டும் கமிஷனர் நிறுத்தலாம். இந்த வாரம் உன் ஆளைக் கொடு, பிளே-ஆஃப் முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்பது சதி. தனக்கு வாய்ப்பு போய்விட்டது என்று தன் மூன்று நட்சத்திரங்களையும் அறை நண்பனுக்கு ஒன்றுமில்லாத ஆளுக்காகக் கொடுப்பதும் சதிதான். அந்த டிரேடில் கமிஷனரே ஒரு தரப்பாக இருந்தால், முந்தைய வருடம் கோப்பை வாங்கியவர் முடிவு செய்வார்.

டிரேடுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு. நிஜ அணிகளின் டிரேடு கெடு ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும்போது வருகிறது. அதில் ஒரு குளோசர் வேறு அணிக்குப் போய் ஸேவ் வாய்ப்பை இழக்கலாம், அதற்கேற்ப நாம் சரிசெய்துகொள்ள ஒரு வாரமாவது வேண்டும்.

லைனப் போடாமல் விடுபவர்கள் பற்றி. ஒவ்வொருவரும் ஒரு துணை ஆளை மார்ச்சிலேயே சொல்லிவிட வேண்டும், மனைவியாகவோ தம்பியாகவோ வேறு நண்பராகவோ இருக்கலாம், லீகில் இன்னொரு அணி வைத்திருப்பவராக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு வாரம் லைனப் போடவில்லை என்றால் நான் போன் செய்வேன். குழுவில் எழுத மாட்டேன், தனியாகப் பேசுவேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வேலை போயிருக்கலாம். இரண்டாவது வாரமும் போடவில்லை என்றால் துணை ஆள் ஏற்பார். இந்த விதி வந்த பிறகு ஒரு அணிகூட அநாதையாகக் கிடந்ததில்லை.

அட்டவணையும் பிளே-ஆஃபும்

இதை 2026 நாட்காட்டியை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். மார்ச் 25 புதன்கிழமை சீசன் தொடக்கம், செப்டம்பர் 27 ஞாயிறு கடைசி நாள். முதல் அரை வாரத்தைத் தனியாக விடாமல் ஏப்ரல் 5 வரை ஒரே மோதலாகச் சேர்த்துவிடுங்கள். ஏப்ரல் 6 முதல் செப்டம்பர் 27 வரை 25 வாரங்கள். ஜூலை 14-ல் நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம், அந்த வாரத்தில் நிஜ ஆட்டங்கள் பாதிதான் இருக்கும் என்பதால் அடுத்த வாரத்தோடு சேர்த்து ஒன்றாக்குங்கள். இப்போது கையில் மொத்தம் 25 மோதல்கள்.

கடைசி வாரத்தை வெட்டிவிடுங்கள். இது நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம். நிஜ பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றுவிட்ட அணிகள் கடைசி வாரத்தில் பெரிய ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கும், வெளியேறிவிட்ட அணிகள் இளம் பிட்சர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். செப்டம்பர் 1 முதல் அணியில் 26 பேருக்குப் பதில் 28 பேர் வேறு. ஆறு மாத உழைப்பின் இறுதிப் போட்டியை, உங்கள் முதல் சுற்று வீரர் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருக்கும் வாரத்தில் வைப்பது நியாயமில்லை. ஆக, நமக்கு 24 மோதல்கள், செப்டம்பர் 20 ஞாயிறோடு முடிகிறது (நம் கணக்கில் 21 திங்கள் காலை).

24-ஐ எப்படிப் பிரிப்பது? பதினொரு எதிராளிகளோடு இரண்டு முறை ஆடினால் 22 ஆகிவிடும், மீதி இரண்டு வாரத்தில் நான்கு அணிகளின் அரையிறுதியும் இறுதியும். சுத்தமான கணக்கு, நியாயமும்கூட. ஆனால் பன்னிரண்டில் நான்கு என்றால் ஜூலையிலேயே ஐந்து பேருக்குக் கதவு மூடிவிடுகிறது. நாங்கள் 21-ம் 3-மாகப் பிரிக்கிறோம். இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு எதிராளி குறைவார், யார் யாரோடு ஆடமாட்டார் என்பதையும் டிராஃப்ட் அன்றே சீட்டுப் போட்டு எடுத்துவிடுகிறோம். ஆகஸ்ட் 30 ஞாயிறோடு வழக்கமான சீசன் முடிந்து, முதல் ஆறு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும். ஆகஸ்ட் மூன்றாவது வாரம்வரை ஒன்பதாவது இடத்துக்காரரும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

முதல் இரண்டு இடத்துக்கு முதல் வாரம் ஓய்வு. மூன்றும் ஆறும், நான்கும் ஐந்தும் மோதும். அரையிறுதியில் முதலிடத்துக்காரர், ஜெயித்து வந்தவர்களில் கீழ் இடத்தில் இருப்பவரோடு ஆடுவார், இதைத் தளத்தின் அமைப்பில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், மறக்காதீர்கள். அரையிறுதி தொடங்கும் செப்டம்பர் 7 அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை, பகலிலேயே ஆட்டங்கள் இருக்கும். இறுதிப் போட்டி தொடங்கும் செப்டம்பர் 14 விநாயகர் சதுர்த்தி! சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் லீவு. பாதி லீக் ஓசூர் சாலையில் பஸ்ஸில் இருக்கும் அல்லது ஊரில் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இறுதிக்கு வரும் இருவரும் ஞாயிறு இரவே ஒரு லைனப் போட்டு வைத்துவிட வேண்டும், அப்புறம் திங்கள் எட்டு மணிவரை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.

பத்துப் பிரிவு என்பதால் 5-5 என்று சமன் ஆவது நடக்கத்தான் செய்யும். வழக்கமான சீசனில் சமன் சமனாகவே இருக்கட்டும். பிளே-ஆஃபில், இறுதி உட்பட, பட்டியலில் மேலே முடித்தவருக்கு வெற்றி. ஹோம் ரன் எண்ணிக்கை பார்க்கலாம், அதிக இன்னிங்ஸ் பார்க்கலாம் என்றெல்லாம் எங்களில் சிலர் சொன்னார்கள். ஐந்து மாதம் உழைத்து மேலே வந்ததற்கு மதிப்பு வேண்டும், கீழே இருந்து வருபவர் ஆறு பிரிவு ஜெயித்துக் காட்டட்டும் என்பதுதான் என் வாதம், அது நின்றது.

அப்புறம் எண்ணிக்கைத் திருத்தம். அதிகாரபூர்வ ஸ்கோரர் ஒரு ஹிட்டை இரண்டு நாள் கழித்து எர்ரர் (ஃபீல்டிங் பிழை) என்று மாற்றலாம். ஒரு வருடம் எங்கள் அரையிறுதியில் இப்படி நடந்தது. திங்கள் காலை விப் பிரிவில் மிகச் சிறிய வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்து, வாழ்த்தெல்லாம் சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை ஒரு ஹிட் எர்ரராக மாறி, முடிவு தலைகீழானது. அதற்குள் அடுத்த வாரத்து லைனப் பூட்டியாகிவிட்டது. அன்றைக்கு விதி இல்லை, என்ன முடிவெடுத்தாலும் ஒருவருக்கு அநியாயம். அதிலிருந்து விதி இதுதான்: திங்கள் இரவு எட்டு மணிக்குத் தளத்தில் என்ன தெரிகிறதோ அதுவே பிளே-ஆஃப் முடிவு, பின்னால் வரும் திருத்தம் செல்லாது. தளம் தானாக மாற்றினால் கமிஷனர் கையால் பழையபடி மாற்றி வைப்பார். இறுதிப் போட்டிக்கும் இதேதான்.

வெளியேறிய ஆறு பேர்

ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரை உள்ளவர்களுக்கும் அதே மூன்று வாரம் தனி ஆட்டம் வையுங்கள், அதில் ஜெயிப்பவருக்கு ஒரு நிஜமான பரிசு கொடுங்கள். எங்கள் பரிசு, அடுத்த வருட டிராஃப்டில் எந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்பதை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஒன்றாவது இடம் வேண்டுமா, திருப்பத்தில் இருக்கும் பன்னிரண்டாவது வேண்டுமா, அவர் இஷ்டம். மற்ற எல்லோருக்கும் சீட்டுக் குலுக்கல்தான். கடைசியாக முடித்த அணிக்கு முதல் தேர்வைக் கொடுக்கும் லீகுகள் உண்டு, அதில் ஆகஸ்டில் வேண்டுமென்றே தோற்க ஆசை வரும். இங்கே கடைசி வரை ஜெயித்தால்தான் பலன்.

கடைசி இடத்துக்குத் தண்டனை கொடுக்கும் பழக்கம் அமெரிக்க லீகுகளில் இருக்கிறது. எங்களிடம் அது கிடையாது. ஒரு மோசமான சீசனுக்குப் பிறகு ஒரு ஆள் அடுத்த மார்ச்சில் திரும்பி வர வேண்டும், அதற்குக் குறுக்கே எதையும் வைக்க எனக்கு மனமில்லை.

விதித்தாள் என்று நான் சொல்வது இரண்டு பக்கம்தான். டிராஃப்ட் அன்று பன்னிரண்டு பேரும் படித்து, சரி என்று சொன்ன பிறகு வாட்ஸ்அப் குழுவில் மேலே பின் பண்ணி வைத்துவிடுவோம். சீசன் நடுவில் ஒரு விதியை மாற்ற பன்னிரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அது அடுத்த வருடத்துக்குப் போகும். சீசன் முடிந்த பிறகு ஒன்பது பேர் போதும்.

அந்த மாற்றங்களைப் பேசத்தான் அக்டோபர் முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூடுகிறோம், கோப்பையும் அன்றைக்குத்தான் கை மாறும். இந்த அக்டோபருக்கு இதுவரை வந்திருக்கும் தீர்மானம் ஒன்றே ஒன்று: பேட்டர்களுக்கு மட்டும் தினசரி லைனப் வேண்டும் என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ராமமூர்த்தி நகர் அண்ணனும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், குழந்தை இப்போது இரவெல்லாம் தூங்குகிறதாம்.